எல்லாவற்றையும் தொடும் செலவு

50,16,36,842. திருடுபோன கடவுச்சொற்களைத் திரட்டி, ஆஸ்திரேலியரான ட்ராய் ஹன்ட் 2018 பிப்ரவரியில் வெளியிட்ட பட்டியலின் நீளம் இது. ஒவ்வொரு கடவுச்சொல்லும் 20 பைட் ஹேஷாக, அதாவது திருப்பிப் படிக்க முடியாத நிலையான நீளக் குறியீடாக, மாற்றப்பட்டிருந்தது. பெருக்கினால் சுமார் 1,003 கோடி பைட்; புழக்கத்தில் சொன்னால் 10 ஜிபி. உங்கள் கடவுச்சொல் இதில் உண்டா என்று தெரிய வேண்டும். எதைத் தேடினீர்கள் என்பது மட்டும் பட்டியலை வைத்திருப்பவருக்குத் தெரியக் கூடாது. இந்த ஒற்றைக் கேள்விக்கு என்ன செலவாகும்?

கணக்குக்கு முன் விலைகளைச் சொல்லிவிடுகிறேன். கிளவுடிலிருந்து வெளியே போகும் தரவுக்கு அமேசானின் அமெரிக்கப் பட்டியல் விலை, தொடக்கப் படியில், ஜிபிக்கு 9 சென்ட். உள்ளே வரும் தரவுக்குக் கட்டணம் இல்லை. ஒரு பிராசசர் கோர் ஒரு மணி நேரம் உழைக்க 4 சென்ட் என்று நானாக வைத்துக்கொள்கிறேன். சந்தையில் கூடக்குறைய இருக்கும். கீழே வரும் வித்தியாசங்கள் ஆயிரம் மடங்கு, லட்சம் மடங்கு என்று ஓடுவதால் ஓரிரு சென்ட் முன்பின் ஆவதில் முடிவு மாறாது.

முதல் வழி, முழுப் பட்டியலையும் இறக்கிக்கொண்டு சொந்தக் கணினியில் தேடுவது. ரகசியம் முழுமையானது. செலவு 10 ஜிபி, 90 சென்ட். பட்டியல் அடுத்த மாதம் புதுப்பிக்கப்பட்டால் இன்னொரு 90 சென்ட்.

இரண்டாவது வழிதான் நடைமுறைக்கு வந்தது. கிளவுட்ஃபிளேரில் இருந்த ஜுனேத் அலி வகுத்தது. ஹேஷின் 40 பதினாறடிமான எழுத்துகளில் முதல் ஐந்தை மட்டும் சர்வருக்கு அனுப்ப வேண்டும். அந்த ஐந்தில் தொடங்கும் எல்லாவற்றையும் சர்வர் திருப்பி அனுப்பும். மிச்சத்தை நீங்கள் ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஐந்து எழுத்துக்கு 10,48,576 கட்டுகள். ஒரு கட்டில் சராசரியாக 478 ஹேஷ். மிகச் சிறிய கட்டில் 381, மிகப் பெரியதில் 584. பதிலின் அளவு ஏறக்குறைய 19 கேபி. 10 ஜிபி எங்கே, 19 கேபி எங்கே! ஐந்து லட்சம் மடங்குக்கும் மேல் தள்ளுபடி.

தள்ளுபடியை யார் கொடுத்தது என்று பார்த்தால், நாம்தான். ஐந்து எழுத்து என்பது 20 பிட் தகவல். அதைக் கையில் கொடுத்துவிட்டோம். "478 பேரில் ஒருவர்தானே" என்ற சமாதானமும் முழுக்க நிற்காது. கடவுச்சொற்கள் எல்லாம் ஒரே அளவில் புழங்குவதில்லை. ஒரு கட்டில் லட்சக்கணக்கானோர் வைத்திருக்கும் கடவுச்சொல் ஒன்றும், யாரோ ஒருவர் வைத்திருப்பவை 477-உம் இருந்தால், எதைத் தேடியிருப்பீர்கள் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். எத்தனை முறை திருடுபோயிற்று என்ற எண்ணிக்கையும் அதே பட்டியலில் பக்கத்திலேயே இருக்கிறது.

கூகுள் 2019 பிப்ரவரியில் இதே வேலையை 400 கோடிக் கணக்கு விவரங்களோடு செய்தது. அங்கே வெளியே போவது பயனர் பெயரோடு சேர்ந்த ஹேஷின் 2 பைட். கட்டுகள் 65,536, கட்டுக்குச் சராசரியாக 61,000 விவரங்கள். முன்னதைவிட 128 மடங்கு கூட்டம். அதற்குள்ளும் நீள்வளைக் கணிதத்தால் திரை போட்டார்கள். முதல் ஒரு மாதத்தில் 6.7 லட்சம் பேர் பயன்படுத்தினார்கள், 2.1 கோடிக்கு மேற்பட்ட உள்நுழைவுகளில் 1.5 சதவீதம் ஏற்கெனவே திருடுபோன விவரங்களால் நடந்தவை. பயன் கண்ணெதிரே தெரிகிறது. அதனால்தான் இந்த மாதிரி ஏற்பாடுகளை நான் குறை சொல்வதில்லை. விலைச்சீட்டில் கசிவையும் ஒரு வரியாக எழுதுங்கள் என்பதே என் வாதம்.

கசிவே கூடாது என்றால் செலவு எங்கிருந்து வருகிறது? மருந்துக் கடையில் எந்த மருந்து வாங்குகிறோம் என்று கடைக்காரருக்கே தெரியக் கூடாது என்றால், அவர் எல்லாப் பெட்டியையும் ஒரே மாதிரி எடுத்து வைத்தாக வேண்டும். ஒரு பெட்டியைத் தொடாமல் விட்டால், அது வேண்டாம் என்பது தெரிந்துவிடும். சர்வருக்கும் இதே விதி. ஒரு பதிவைக்கூடத் தாண்டிப் போகக் கூடாது. ஆகவே ஒரு ரகசியக் கேள்வியின் அடிப்படை விலை, முழுத் தரவையும் ஒருமுறை தொடும் விலை. அதற்குக் கீழே யாராவது விலை சொன்னால், கேள்வி வருமுன்பே ஏதோ வேலை முடித்து வைத்திருக்கிறார்கள் அல்லது எங்கோ கசிகிறது.

இந்தச் சிக்கலை 1995-ல் சோர், கோல்ட்ரைக், குஷிலெவிட்ஸ், சூடான் ஆகிய நால்வர் கணிதமாக எழுதினார்கள். ஒரே சர்வர்தான், எவ்வளவு கணக்குச் சக்தி இருந்தாலும் உடைக்க முடியாத ரகசியம் வேண்டும் என்றால், முழுத் தரவையும் அனுப்புவதைவிடச் சிக்கனமான வழியே கிடையாது என்றும் நிறுவினார்கள். ஒருவரோடு ஒருவர் கூட்டுச் சேராத இரண்டு சர்வர்கள் இருந்தால் கதை மாறும். 1997-ல் குஷிலெவிட்ஸும் ஆஸ்ட்ரோவ்ஸ்கியும், உடைக்கக் கடினமான கணிதச் சிக்கல் ஒன்றை நம்பினால் ஒற்றைச் சர்வரே போதும் என்று காட்டினார்கள். போக்குவரத்து குறைந்தது. சர்வரின் உழைப்பு குறையவில்லை.

ஓடும் தரவில்

பட்டியல் அசையாமல் நிற்பது. ஓடிக்கொண்டே இருக்கும் தரவு வேறு. செய்திகள், சர்வர் பதிவேடுகள், பணப் பரிமாற்றக் குறிப்புகள் எல்லாம் பெரும்பாலும் ஜேசன் வடிவில் வருகின்றன: புலப்பெயர், மதிப்பு, அதற்குள் இன்னொரு புலம், சிலவற்றில் ஒரு புலமே இல்லாமல். அரைகுறைக் கட்டமைப்பு. இதில் "இந்தச் சொல் வரும் பதிவுகளை மட்டும் எடுத்து வை, எந்தச் சொல் என்பது உனக்குத் தெரியாது" என்று சர்வரிடம் சொல்ல முடியுமா? முடியும் என்று 2005-ல் ஆஸ்ட்ரோவ்ஸ்கியும் ஸ்கீத்தும் காட்டினார்கள். அடுத்த ஆண்டு பெத்தன்கோர்ட், டான் சாங், வாட்டர்ஸ் மூவரும் பதிலுக்கு வேண்டிய இடத்தைச் சுருக்கினார்கள்.

வேலை நடக்கும் விதம் அழகானது. கேட்பவர் 65,536 பூட்டிய எண்களைத் தயாரிக்கிறார். தேடும் சொல் ஹேஷில் எந்த இடத்தில் விழுகிறதோ அங்கே பூட்டிய 1. மற்ற எல்லா இடத்திலும் பூட்டிய 0. வெளியிலிருந்து பார்த்தால் எது 1, எது 0 என்று தெரியாது. பாய்யே என்பவரின் முறையில் பூட்டிய எண்ணை அடுக்காக உயர்த்தினால் உள்ளே பெருக்கல் நடக்கும். இரண்டு பூட்டிய எண்களைப் பெருக்கினால் உள்ளே கூட்டல் நடக்கும். சர்வர் ஒவ்வொரு பதிவையும் எடுத்து, அதன் சொல்லுக்குரிய பூட்டிய எண்ணைப் பதிவின் உள்ளடக்கத்தால் உயர்த்தி, ஒரு தொட்டியில் சேர்க்கிறது. 0 இருந்த இடத்துப் பதிவுகள் பூஜ்யமாகக் கரைகின்றன. 1 இருந்த இடத்துப் பதிவு அப்படியே தங்குகிறது. எது தங்கியது என்பது தொட்டியைச் சுமந்தவருக்கே தெரியாது.

இனி பில். 1,000 பைட் அளவில் 1 கோடிப் பதிவுகள் என்று வைப்போம். இதுவும் 10 ஜிபிதான். சாவி 2,048 பிட். ஒரு பூட்டிய எண் 4,096 பிட், 512 பைட். கேள்வியின் அளவு 65,536 × 512, அதாவது 34 எம்பி. ஒருமுறை அனுப்பினால் போதும், நின்று நிலைத்த கேள்வியாக ஓடும். பதிலில் உண்மையாகவே பொருந்தும் பதிவுகள் 100 என்றால், ஹேஷ் மோதி அதே இடத்தில் விழும் சம்பந்தமில்லாத பதிவுகளும் வரும்: ஒரு கோடியை 65,536-ஆல் வகுத்தால் சுமார் 153. மொத்தம் 253 பதிவுகள். ஒரு பதிவு நான்கு துண்டு, துண்டுக்கு 512 பைட். இடத்தை இரட்டிப்பாகக் கொடுத்தாலும் தொட்டி 1 எம்பி சொச்சம். 10 ஜிபி ஓடிய இடத்தில் பதில் 1 எம்பி. போக்குவரத்துச் செலவைச் சில்லறையில்கூடச் சேர்க்க வேண்டாம்.

கணக்கிடும் செலவு அப்படியில்லை. இந்த அளவு எண்ணில் ஓர் அடுக்கேற்றத்துக்கு ஒரு கோரில் தோராயமாக 10 மில்லிநொடி. பதிவுக்கு நான்கு, ஆகவே 40 மில்லிநொடி. ஒரு கோடிக்கு 4 லட்சம் நொடி, 111 கோர்-மணி, 4 டாலர் 44 சென்ட். முழுத் தரவையும் இறக்கிக்கொள்ள ஆனது 90 சென்ட்! ரகசியமாகக் கேட்பதைவிட எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போவது ஐந்து மடங்கு மலிவு. சியோனும் கார்புனாரும் 2007-ல் ஒற்றைச் சர்வர் முறைகளைப் பற்றிச் சொன்ன தீர்ப்பும் ஏறக்குறைய இதுதான். அப்போது அது துறைக்கே முகத்தில் அடித்த மாதிரி இருந்திருக்கும்.

ஒரு கோருக்கு நொடிக்கு 25 பதிவு. நொடிக்கு 1,000 பதிவு ஓடும் ஓடைக்கு 40 கோர்கள் இரவு பகலாக வேண்டும். நாளுக்கு 38 டாலர். தொட்டிக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. 253 வரும் என்று கட்டிய இடத்தில் 5,000 வந்து விழுந்தால், வழிவது கூடுதல் பதிவுகள் மட்டும் இல்லை. ஒன்றன்மேல் ஒன்று படிந்து எதையும் பிரித்தெடுக்க முடியாமல் போய்விடலாம். ஓடையில் எது எப்போது பெருகும் என்று முன்கூட்டித் தெரியாது என்பதால் இதைச் சின்ன விஷயமாக ஒதுக்க முடியாது.

இவ்வளவு செலவு செய்து யார் வாங்குவார்கள்? 2016-ல் இந்த வகைத் தேடலைப் பெரும் தரவில் ஓட்டும் பிர்க் என்ற மென்பொருளை அப்பாச்சி அமைப்புக்குக் கொடுத்தது அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை. ஊரார் கேள்விகளையெல்லாம் கவனிக்கிறவர்களுக்குத்தான் சொந்தக் கேள்வியை மறைப்பதன் மதிப்பு நன்றாகத் தெரிந்திருக்கிறது. தரவின் உரிமையாளர் முழுவதையும் தூக்கிக் கொடுக்க மாட்டார், கேட்பவரும் எதைத் தேடுகிறார் என்று சொல்ல மாட்டார் என்ற நிலையில் 90 சென்ட் வழி அடைபட்டுவிடுகிறது. 4 டாலர் 44 சென்ட் நியாயமாகிறது. திட்டம் என்னவோ அடுத்த ஆண்டே மூடப்பட்டது.

நான்கு லட்சம் மடங்கு

விலை சரிந்தது புதுக் கணிதத்தால். பெரிய எண்களை அடுக்கேற்றுவதை விட்டு, பின்னல் கணிதத்துக்கு மாறினார்கள். சிறு எண்கள், அணிப் பெருக்கல், வேறொன்றுமில்லை. 2011-லேயே ஒலுமோஃபினும் கோல்ட்பெர்க்கும் 2007 தீர்ப்பைத் திருத்தி எழுதினார்கள். 2022-ல் வந்த சிம்பிள்-பிஐஆர் என்ற முறை அதை எல்லைக்கே கொண்டுபோனது: ஒரு கோர் நொடிக்கு 10 ஜிபி. கணினியின் நினைவகத்திலிருந்து தரவைப் படிக்கும் வேகத்துக்கு அருகில். அதை எழுதிய ஐவரில் வினோத் வைகுண்டநாதன் சென்னை ஐஐடியில் பி.டெக் படித்தவர், இந்தப் பின்னல் கணித மறையாக்கத்துக்காக 2022-ன் கோடல் பரிசைப் பிராகெர்ஸ்கி, ஜென்ட்ரியோடு பகிர்ந்துகொண்டவர்.

10 ஜிபிக்கு ஒரு கோர்-நொடி என்றால் செலவு 0.0011 சென்ட். முன்னது 4 லட்சம் நொடி. இரண்டும் ஒரே வேலை இல்லை. இது "இத்தனையாவது இடத்தில் இருப்பதைக் கொடு" என்று மட்டும் கேட்கும், அது ஓடையில் சொல்லைத் தேடியது. அப்படியும் இந்த இடைவெளியைத் தள்ளிவிட முடியாது. இப்போது கணக்கிடுவதைவிட விடையை அனுப்புவது மூன்று மடங்கு செலவு: 1 ஜிபி தரவில் ஒரு கேள்விக்குப் போகவர 242 கேபி. அளவின் வர்க்கமூலத்தோடு வளர்வதால் 10 ஜிபிக்கு 765 கேபி ஆகும். அதில் பாதி வெளியே போகும் பதில், 0.0034 சென்ட்.

ஆனால் முன்பணம் உண்டு. கேள்வி கேட்கும் முன் ஒரு குறிப்புக்கோப்பை இறக்கிக்கொள்ள வேண்டும்: 1 ஜிபிக்கு 121 எம்பி, 10 ஜிபிக்கு ஏறக்குறைய 383 எம்பி, மூன்றரை சென்ட். அசையாத தரவில் அது பெரிதல்ல. ஓடையில்தான் இது கடிக்கிறது. 10 ஜிபி அளவில் தரவின் ஒவ்வொரு வரிசையும் சுமார் 1 லட்சம் பைட். அந்த வரிசைக்குக் குறிப்பில் 1,024 எண்கள், 4 கேபி. நொடிக்கு 1,000 பதிவு வந்தால் நொடிக்கு 10 வரிசை, 40 கேபி குறிப்பு. நாளுக்கு மூன்றரை ஜிபி. ஒவ்வொரு பயனருக்கும், நாள்தோறும், 32 சென்ட், அவர் ஒரு கேள்விகூடக் கேட்காவிட்டாலும். 2024-ல் வந்த ஒய்-பிஐஆர், ஹின்ட்லெஸ்-பிஐஆர் இரண்டும் இந்தக் குறிப்பையே ஒழிக்கப் பிறந்தவை. ஐபோனில் அதே ஆண்டு வந்த, அழைப்பவர் யார் என்று சர்வருக்கு எண்ணைக் காட்டாமல் தேடும் வசதியும் பின்னல் கணிதத்தின் மேல்தான் நிற்கிறது.

இணையத் தேடலுக்கு இதை நீட்டியது டிப்டோ என்ற அமைப்பு, 2023. 36 கோடிப் பக்கங்கள், 45 சர்வர்கள். ஒரு தேடலுக்கு 145 கோர்-நொடி, 56.9 எம்பி போக்குவரத்து, 2.7 நொடிக் காத்திருப்பு. நம் விலையில் கணக்கிட 0.16 சென்ட். போக்குவரத்தில் 74 சதவீதம் நீங்கள் தட்டச்சு செய்யும் முன்பே முடிந்துவிடும். விடையின் தரத்திலும் ஒரு விலை இருக்கிறது: சரியான விடை சராசரியாக 7.7-ஆம் இடத்தில் வருகிறது. ரகசியம் பாராத நவீனத் தேடலில் 2.3-ஆம் இடத்தில். பழைய சொல்லெண்ணிக்கை முறையில் 6.7. தேடல் பத்து, இருபது ஆண்டு பின்னோக்கிப் போகிறது என்று சொன்னால் சற்றே மிகை, பெரிய பொய் இல்லை.

தரவும் பூட்டியிருந்தால்

இதுவரை கேள்வி மட்டும்தான் ரகசியம். தரவைச் சர்வர் படிக்க முடியும். தரவும் பூட்டியிருக்கும்போது பில் வேறு இனமாகிவிடுகிறது.

பூட்டுவதே இலவசம் இல்லை. ஒவ்வொரு புலத்தையும் தனித்தனியே ஏ.இ.எஸ். ஜிசிஎம் முறையில் பூட்டினால் புலத்துக்கு 28 பைட் கூடும்: 12 தொடக்க எண்ணுக்கு, 16 முத்திரைக்கு. 25 புலங்கள் கொண்ட 1,000 பைட் பதிவில் 700 பைட் கூடுதல். ஜேசன் எழுத்துகளை மட்டுமே ஏற்கும் என்பதால் பூட்டிய பைட்டுகளை எழுத்தாக்க மூன்றில் ஒரு பங்கு இன்னும் வீங்கும். ஒரு வேடிக்கை: இந்த முறை நீளத்தை மறைக்காது. ஆங்கிலத்தில் "ட்ரூ" நான்கு எழுத்து, "ஃபால்ஸ்" ஐந்து. பூட்டிய பிறகு 32 பைட், 33 பைட். பேஸ்-64 எழுத்தாக்கினால் இரண்டும் 44 எழுத்து, அப்பாடா என்று இருக்கும். ஆனால் முதலாவதின் கடைசியில் மட்டும் ஒரு சமக்குறி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் புலம் ஒரு நோயைக் குறித்தால், நோயாளிக்கு அது உண்டா இல்லையா என்பதைப் பூட்டை உடைக்காமலே அந்தக் குறி சொல்லிவிடும்.

பூட்டிய நிலையிலேயே கணக்கிடலாம் என்று 2009-ல் ஜென்ட்ரி நிறுவினார். 2011-ல் அவரும் ஹலேவியும் ஓட்டிப் பார்த்தபோது பெரிய அமைப்பில் பொதுச்சாவி 2.3 ஜிபி, பூட்டிய எண்ணை ஒருமுறை புதுப்பிக்க 30 நிமிடம். டி.எஃப்.எச்.ஈ. என்ற பிற்கால முறையில் அது 13 மில்லிநொடியாக இறங்கியது. முன்னேற்றம் லட்சம் மடங்குக்கு மேல். போதுமா? 32 பிட் எண் ஒன்று பொருந்துகிறதா என்று பார்க்க 63 தர்க்கப் படிகள், 0.82 நொடி. ஒரு கோடிப் பதிவுக்கு 2,275 கோர்-மணி, 91 டாலர். இது ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். சேமிக்கும் இடம் இன்னும் மோசம்: ஒரு பிட்டைப் பூட்ட 2.5 கேபி. 1,000 பைட் பதிவு 20 எம்பி ஆகிறது. 10 ஜிபி ஓடை 200 டிபி ஆகிறது.

ஏ.இ.எஸ்.-ஆல் பூட்டியதை அனுப்பி, அந்தப் பூட்டை இந்தப் பூட்டுக்குள்ளேயே திறக்கலாமே என்று கேட்கலாம். ஜென்ட்ரி, ஹலேவி, ஸ்மார்ட் 2012-ல் செய்தார்கள்: பல கட்டுகளுக்குச் சேர்த்து 36 மணி நேரம். பிறகு 2015-ல் 16 பைட் கட்டுக்குச் சராசரியாக 2 நொடியாகக் குறைத்தார்கள். நம் பதிவு ஒன்றில் 63 கட்டு, 126 நொடி. ஒரு கோடிக்கு 3.5 லட்சம் கோர்-மணி. 14,000 டாலர், 10 ஜிபிக்கு, தேடல் தொடங்கும் முன்பே.

ஆகவே சந்தை தள்ளுபடிக் கதவுக்குப் போனது. எம்ஐடியின் கிரிப்ட்-டிபி தரவுத்தளம், 2011: 12.6 கோடி வினவல்களின் பதிவில் கண்ட 1,28,840 நெடுவரிசைகளில் 99.5 சதவீதத்தைப் பூட்டிய நிலையில் கையாள முடிந்தது. வேகம் ஒரு சோதனையில் 14.5 சதவீதமும் இன்னொன்றில் 26 சதவீதமும் குறைந்தது, அவ்வளவுதான். 14,000 டாலர் எங்கே, 26 சதவீதம் எங்கே. கசிவு நான்காண்டு கழித்து அளக்கப்பட்டது. நவீத், கமாரா, ரைட் மூவரும் அமெரிக்காவின் 200 பெரிய மருத்துவமனைகளின் தரவில் சோதித்தார்கள். வரிசை மாறாமல் பூட்டும் முறையில், தாக்குதலொன்று 95 சதவீத மருத்துவமனைகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட நோயாளிப் பதிவுகளை மீட்டது. சமம் பார்க்க மட்டும் விடும் முறையில்கூட 60 சதவீதத்துக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் 60 சதவீதத்துக்கு மேல். பூட்டு உடைக்கப்படவே இல்லை. எது எத்தனை முறை வருகிறது என்று எண்ணியதே போதுமாயிற்று.

அந்த மூவரில் கமாரா இன்று ஜேசன் உலகின் பெரிய தரவுத்தளமான மோங்கோடிபியின் பூட்டிய தேடலுக்குப் பின்னால் இருப்பவர். 2023-ல் 7.0 பதிப்பில் சமம் பார்க்கும் தேடல், 2024-ல் 8.0-ல் இடைவெளித் தேடல். ஒரே மதிப்பு ஒவ்வொரு முறையும் வேறாகப் பூட்டப்படுவதால் எண்ணிப் பார்க்கும் பழைய தாக்குதல் நேரடியாக நடக்காது. சேமிப்பிடம் 2 முதல் 3 மடங்கு ஆகும். புலப்பெயர்கள் திறந்தே இருக்கும். ஒரு தேடலுக்கு எத்தனை பதிவுகள் வந்தன, எவை வந்தன என்பதைச் சர்வர் பார்க்கும். எல்லாவற்றையும் தொடாததன் விலை இது. பெரும்பாலான அலுவலகங்களுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன், மருத்துவப் பதிவுக்கு ஒருமுறைக்கு இருமுறை யோசித்த பிறகு.

"பூட்டிய தரவில் நொடியில் தேடலாம்" என்று யாராவது விற்க வந்தால் ஒன்றைக் கேளுங்கள்: ஒரு தேடலுக்கு உங்கள் சர்வர் எத்தனை பைட்டைத் தொடுகிறது? முழுவதையும் என்றால் மாத பில்லைக் காட்டச் சொல்லுங்கள். கொஞ்சத்தை மட்டும் என்றால், சர்வருக்கு என்னென்ன தெரிந்துபோகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.